கறுப்பு வண்டிக்கு நிறம் கிடையாது

ருஸ்தாவி கார் சந்தையில்
காலை ஏழு மணிக்குக் கறுப்பு வண்டி என்று ஒன்று இல்லை.
எதிரே நிற்பது எதுவோ அதுதான் அதன் நிறம்.
கதவில் குப்பைத் தொட்டி,
பம்பரில் வில்லாய் வளைந்த மின்கம்பம்,
பானட்டில் பாதி மேகம்,
நடுவே மஞ்சள் மழைச்சட்டையில்
கேமராவைத் தூக்கிப் பிடித்தபடி
குட்டையாய், அகலமாய் நான்.

முதல் வருடம் விற்ற வண்டிகளோடு
நானும் சேர்ந்தே விலைபோனேன்.
எல்லைக்கு அப்பால் எவனோ ஒருவன்
படத்தைப் பெரிதாக்கி
என் முழங்காலைக் கீறல் என்று சொல்லி
விலையைக் குறைத்தானாம்.
அன்றிலிருந்து கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை.
"செத்தது யார், நெஸ்தான்?"
டயர்க்கடை வலேரியான் கேட்பான்,
தினமும், சலிக்காமல்.

எல்குஜா கொண்டுவந்தது
பதினெட்டு வயதான ஒரு கறுப்பு வாகன்.
தானே கழுவியிருந்தார்.
காதுக் கண்ணாடிகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
பின்னால் உருக்காலைப் புகைபோக்கி,
கூரையில் கொம்பு முளைத்த மாதிரி.

"அதைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடலாமே?"

அழிக்கலாம்.
அழித்த இடம் வாங்குகிறவன் கண்ணில் உறுத்தும்.
புகைபோக்கியை மறைத்தவன்
எஞ்சினில் எதை மறைத்தானோ என்று யோசிப்பான்.
அதனால் வண்டியை நகர்த்துங்கள், ஐயா.
சந்தை முடிகிற இடத்துக்கு,
காய்ந்த புல்லைத் தவிர வேறெதுவும்
வாய் திறக்காத இடத்துக்கு.

முப்பது அடி தள்ளி, மண்ணில் குப்புறப் படுத்து,
நீள லென்ஸ்.
புல் கரைந்து தவிட்டு நிறமானது.
முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை
கதவுகளின் மேல் ஒரே ஒரு கோடு,
தொடுவானம்.
அது நேராக ஓடினால் தகரம் நலம்.
பின்கதவில் மட்டும் கொஞ்சம் நடுங்கியது.
"ஆலங்கட்டி மழை," என்றார், நான் கேட்காமலே.
நடுக்கத்தை அப்படியே விட்டேன்.

பிறகு போலரைசர் வளையத்தைத் திருகினேன்.
கண்ணாடிகளிலிருந்து வானம்
மெதுவாக இறங்கிப் போனது.

உள்ளே,
மடக்கிய பின்சீட்டின் மேல்
நாலாக மடித்த கம்பளி.
ஒற்றை பர்னர் அடுப்பு.
கோப்பைக்குள் சவரத் தூரிகை.
ஹேங்கரில் ஒரு வெள்ளைச் சட்டை,
இஸ்திரி போட்டது, எங்கே போட்டாரோ.
கைப்பிடியில் ஈரத் துண்டு.

நிமிர்ந்து பார்த்தேன்.
அவர் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
அதையும் விற்கப்போகிறவர் மாதிரி.

சாமான்களை இறக்கி வையுங்கள்,
படம் சுத்தமாக வரும்,
எல்லோரிடமும் சொல்லுகிற வாக்கியம்.
நாக்கு நுனிவரை வந்தது.
இறக்கி வைக்க
அந்தப் புல்தரையைத் தவிர இடமில்லை.

வளையத்தைத் திருப்பினேன், வந்த வழியே.
வானம் திரும்ப ஏறி
ஜன்னல்களில் உட்கார்ந்துகொண்டது.
முன்கண்ணாடியில் ஒரு மேகம்,
ஓட்டுநர் பக்கம் ஒன்று,
அடுப்பு இருந்த இடத்தில்
எங்கிருந்தோ வந்த இரண்டு காகங்கள்.
ஆறு வருடமாகத் துரத்திய எல்லாவற்றையும்
வாருங்கள், வந்து நில்லுங்கள் என்று
நானே கூப்பிட்டேன்.

புகைபோக்கிக்கு ஒரு நியாயம்,
கம்பளிக்கு ஒரு நியாயமா?
வலேரியான் கேட்டிருந்தால்
பதில் இருந்திருக்காது.

வியாழக்கிழமை விற்றது.
எல்குஜா என் கூலியை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.
தோளில் கம்பளி, கையில் அடுப்பு,
மேலே அந்த வெள்ளைச் சட்டை.
பேருந்து எந்தப் பக்கம் என்று கேட்டார்.
எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை.

இரவு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
குப்பைத் தொட்டி இல்லை, கம்பம் இல்லை, நான் இல்லை.
இடது காதுக் கண்ணாடியில் மட்டும்
நகத்தளவுக்கு எல்குஜா,
தண்ணீர் தொட்டுத்
தலை வாரிக்கொண்டிருக்கிறார்.
தானும் படத்தில் வருவோம் என்று
நினைத்திருப்பார்போல.

இந்த முறை யாரும்
கீறல் என்று சொல்லவில்லை.